பன்னிரண்டுக்குக் கீழே

மனிதனுக்கு வயதைக் கொடுப்பவன் இறைவன் ஒருவனே என்று உலகத்து மதங்கள் எல்லாம் ஒருமுகமாகச் சொல்கின்றன. எங்கள் ஊர் ஆர்க்கன்ஷாவில் அதைக் கொடுப்பவர் பாலின். கால்பந்து மைதானத்தின் டிக்கெட் ஜன்னலுக்குப் பின்னால் திங்கள் முதல் வெள்ளி வரை இருப்பார். மதியம் ஜன்னலைச் சாத்திவிட்டுத் தக்காளி சூப் குடிப்பார். அந்த நேரத்தில் ஊரில் யாருக்கும் வயது கிடையாது.

ஆர்க்கன்ஷா டவுன் கிளப்பின் கணக்குப்படி மனித வாழ்க்கை இவ்வளவுதான்: பன்னிரண்டு நிரம்பும் வரை குழந்தை, அதன்பின் பதினேழு வரை இளையோர், அறுபத்தைந்துக்கு மேல் முதியோர். நடுவே கிடக்கிற நீண்ட பாலைவனத்துக்குப் பெயர் முழுக்கட்டணம். சீசன் டிக்கெட் என்பது ஓர் அட்டை. சுழல்கதவில் அதை வைத்தால் தலைக்கு மேலே ஒரு விளக்கு எரியும். குழந்தைக்கு நீலம், இளையோருக்கு மஞ்சள், முதியோருக்குச் சிவப்பு. யார் யாருடைய அட்டையில் நுழைகிறார்கள் என்று வாசல்காரர் தூரத்திலிருந்தே பார்த்துக்கொள்ளத்தான் இந்த ஏற்பாடு. முழுக்கட்டணம் கட்டியவனுக்கு மட்டும் விளக்கு எரியாது. அவ்வளவு பணம் வாங்கிக்கொண்டு அவனுக்கு ஒரு வெளிச்சம்கூடக் கொடுப்பதில்லை.

குழந்தைக்கு சீசன் முழுக்கப் பத்தே பவுண்டு. அது பெரிய விஷயமில்லை. குழந்தையால் கிடைக்கிற குடும்ப கேலரிதான் பெரிய விஷயம். அங்கே கூரை ஒழுகாது. கழிப்பறைக்குக் கதவு உண்டு, கதவுக்குத் தாழ்ப்பாளும் உண்டு. பெரியவர்களின் டிக்கெட்டும் மற்ற கேலரிகளைவிட மலிவு. ஒரே நிபந்தனை, கூடவே பன்னிரண்டுக்குக் கீழே ஒரு குழந்தை இருக்க வேண்டும். ஒரு குழந்தையைக் காட்டி இரண்டு பெரியவர்கள் உட்காரலாம். அண்ணன் அக்காமார் இருந்தால் அவர்களும் ஒட்டிக்கொள்ளலாம். எனக்கு நான்கு வயதில் இரட்டைப் பெண்கள் இருக்கிறார்கள். இன்னும் எட்டு வருடத்துக்கு நான் பணக்காரி.

எனக்கு முன்வரிசையில் இருந்த நெவில் ஆக்ராய்ட் அப்படியல்ல. அவருக்கு இருந்தது ஒரே ஒரு மகள், ஃபெர்ன். அவளுக்கு ஆகஸ்ட் முதல் தேதி பன்னிரண்டு முடிகிறது. கிளப் வயதைப் பார்ப்பதும் ஆகஸ்ட் முதல் தேதியில்தான்.

அந்தத் தேதியைக் கொண்டுவந்தவர் வேறு யாருமில்லை. நெவிலேதான்.

நான்கு வருடத்துக்கு முன்னால் விதி வேறு. டிக்கெட் வாங்குகிற அன்று என்ன வயதோ, சீசன் முடியும் வரை அதே வயது. டிக்கெட் விற்பது மே மாதம். சக ரசிகர் டக்ளஸ் பிளெஸ்ஸர்டின் அக்கா மகன் பிறந்தது ஜூன் மாதம். அவன் அந்த வருடம் மே மாதம் பதினொரு வயதில் வாங்கிய டிக்கெட்டை வைத்துக்கொண்டு, மீசை முளைத்து, குரல் உடைந்து, நீல விளக்கின் கீழ் டக்ளஸையும் மலிவாக உள்ளே கூட்டிப்போய்க்கொண்டிருந்தான். ரசிகர் சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் நெவில் எழுந்து நின்றார். அவர் பன்றி இறைச்சியை மாவுக்குள் அடைத்துச் சுட்ட ‘பை’ என்கிற பலகாரம் விற்கிற கடைக்காரர். ஆனால் எழுந்து நின்றால் நாடாளுமன்றத்தில் நிற்பதுபோல ஒரு கை தானாகக் கோட்டின் விளிம்பைப் பிடித்துக்கொள்ளும்.

"நண்பர்களே, வயசுங்கறது பேரம் பேசற பொருள் இல்ல. இன்னைக்கு ஒரு மீசைக்கு நாம கண்ண மூடிக்கிட்டா, நாளைக்கு இந்த கிளப்புக்கே கண்ணு இருக்காது. தேதின்னா ஒரே தேதி. சான்றிதழ்னா சான்றிதழ். என் சொந்த மகளா இருந்தாலும் சரி!"

பலத்த கைதட்டல். ஃபெர்னுக்கு அப்போது எட்டு வயது. கைதட்டல் கேட்கும்போது யாரும் எட்டோடு நான்கைக் கூட்டிப் பார்ப்பதில்லை.

*

மே மாதம் டிக்கெட் விற்பனை அறிவிப்பு வந்த வாரம், ஆக்ராய்ட் கடைப் பைகள் ஒழுக ஆரம்பித்தன. எங்கள் ஊரில் அது சாதாரண விஷயமில்லை.

பன்றிக்கொழுப்பை வெந்நீரில் உருக்கி மாவில் ஊற்றி, கை சுடச்சுடப் பிசைந்து, மர அச்சைச் சுற்றி மேலே இழுத்து நிறுத்துவார்கள். வெள்ளை மிளகு போட்ட இறைச்சியை உள்ளே அடைத்து, மூடி போட்டு, மூடியில் ஒரு துளை விடுவார்கள். வெந்து வெளியே வந்ததும் ஆற வேண்டும். ஆறிய பிறகுதான் அந்தத் துளை வழியாக எலும்புச் சாறை ஊற்ற வேண்டும். அப்போதுதான் அது உள்ளே நின்று உறையும். அந்த ஆறுகிற நேரத்தை நெவிலால் பொறுக்க முடியவில்லை. வாசலுக்குப் போவார், மழை வருகிறதா என்று பார்ப்பார், உள்ளே வருவார், ஊற்றிவிடுவார். சாறு அடியைப் பிய்த்துக்கொண்டு தட்டெல்லாம் ஓடும்.

"இது மூணாவது தட்டு, நெவ்," என்றாள் அவர் மனைவி ஜனைன். மாவு பிசைகிற கையை அவள் நிறுத்தவில்லை. "குடிக்கறதுக்கு ஸ்ட்ரா வச்சு வித்துடலாமா?"

"நான் ஒண்ணு சொல்லுவேன், கோவிச்சுக்கக் கூடாது."

"சொல்லு. கோவிச்சுக்கறேன்."

"நீ இன்னும் ஒரே ஒரு நாள் பொறுத்திருக்கலாம்."

"எதுக்கு?"

"ஃபெர்னுக்கு. ரெண்டாம் தேதி பொறந்திருந்தா இன்னும் ஒரு வருஷம் இருந்திருக்கும்."

ஜனைனின் கை இப்போது நின்றது. கடையில் நான்கு பேர் இருந்தோம். நான்கு பேரும் அலமாரியில் இருந்த ஊறுகாய்ப் பாட்டில்களைப் படிக்க ஆரம்பித்தோம்.

"முப்பது மணி நேரம் வலியில கிடந்தேன். ஞாபகம் இருக்கா?"

"நானும் ஆஸ்பத்திரியிலதான் இருந்தேன்."

"ஆஸ்பத்திரியில இல்ல. ஆஸ்பத்திரி கார் நிறுத்தற இடத்துல. ரேடியோவுல பயிற்சி ஆட்டம் கேட்டுக்கிட்டு இருந்த. நர்ஸ் வந்து கண்ணாடியத் தட்டினப்ப, கார்னர் கிக் முடியட்டும்னு சொன்னியாம்."

"அது கடைசி நிமிஷம், ஜனைன்."

"எனக்கும் அது கடைசி நிமிஷந்தான்." அவள் மாவை அச்சில் வைத்து ஒரு அறை விட்டாள். "தேதிய நீதான் கொண்டுவந்த. போய் அதுகிட்டயே கேளு, ஒரு நாள் பொறுக்குமான்னு."

*

நெவில் போய்க் கேட்டார். நானும் அன்று இரட்டையருக்கு டிக்கெட் புதுப்பிக்க வரிசையில் நின்றேன்.

"ஒரு பொதுவான சந்தேகம், பாலின்," என்று ஆரம்பித்தார். கை கோட்டின் விளிம்புக்குப் போயிற்று. "ஒரு விதி இருக்குன்னா, அதுக்கு ஒரு ஆத்மா இருக்கும் இல்லியா? எழுத்து வேற, ஆத்மா வேற."

"ஃபெர்னுக்கா கண்ணு?" என்றார் பாலின்.

"ஒரு எடுத்துக்காட்டுக்கு ஃபெர்ன்னு வச்சுக்குவோம்."

"என்ன தேதி?"

"ஆகஸ்ட் ஒண்ணு. ஆனா சாயந்திரம் பொறந்தா. காலையில பாத்தா அவளுக்குப் பதினொண்ணுதான்."

பாலின் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். முப்பது வருடமாக அந்த ஜன்னலில் எல்லாப் பொய்யும் கேட்டவர். இரட்டையரில் ஒருத்தி மட்டும் ஒரு வருடம் இளையவள் என்று சொன்னவர்களைக்கூடப் பார்த்திருக்கிறார்.

"பாரு ராசா, இதுக்கு நாங்க இங்க ஆக்ராய்ட் விதின்னு பேரே வச்சிருக்கோம். போன வருஷம் கண்ணீர் விட்டுக்கிட்டு ஒரு பொம்பள வந்தா. அவகிட்ட, நெவில் ஆக்ராய்ட் தன் சொந்த மகளுக்கே விடமாட்டேன்னு சொன்னவரும்மான்னு சொல்லி அனுப்பி வச்சேன். இப்ப உனக்கு விட்டா, அவ என் முடியப் பிடிச்சு இழுப்பா."

பக்கத்தில் சுழல்கதவுக்குப் பச்சைப் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்த கிளைவ் பிரஷ்ஷை டப்பாவில் போட்டார். குடும்ப கேலரியின் வாசல்காரர் அவர். அட்டை வருவதற்கு முன்னால், காசு வாங்கிக்கொண்டு காலால் கட்டையை மிதித்துக் கதவைத் திறந்துவிட்ட காலத்திலிருந்து அங்கேயே இருப்பவர்.

"அந்தக் காலத்துல இந்தத் தொல்லையே இல்ல," என்றார். "அப்பன் தூக்கி சுழல்கதவுக்கு மேல போட முடிஞ்சா அது குழந்தை. முடியலன்னா காசு. எடைதான் வயசு."

"அது காட்டுமிராண்டித்தனம், கிளைவ்."

"உங்கப்பா உன்னைத் தூக்கிப் போட்டாரே, அப்பவும் காட்டுமிராண்டித்தனந்தானா? பதினாலு வயசு வரைக்கும் போட்டாரு. கடைசி வருஷம் உன் பூட்ஸ் என் வாயில பட்டு இந்தப் பல்லு போச்சு." கிளைவ் உதட்டை விரலால் தூக்கிக் காட்டினார். "நான் ஒண்ணும் கேக்கல. பையன் ஒல்லியா இருக்கான், அப்பன் ஆசையாத் தூக்கறான்னு விட்டுட்டேன்."

வரிசை முழுவதும் எட்டிப் பல் இருந்த இடத்தைப் பார்த்தது. நெவில் மழை வரும்போலிருக்கிறது என்றார். வானம் சுத்தமாக இருந்தது.

*

அடுத்த யோசனை குழந்தை கடன் வாங்குவது. ஜனைனின் தங்கை லின்சிக்கு டெஸ்ஸி என்று ஆறு வயதில் ஒரு மகள். டெஸ்ஸியைக் காட்டி குடும்ப கேலரியில் மூன்று இருக்கைகள் பிடித்துக்கொள்ளலாம். டெஸ்ஸி குழந்தை, நெவில் பெரியவர், ஃபெர்ன் அக்கா. விதியில் இதற்குத் தடையில்லை. விதியை எழுதியவர் என்ற முறையில் நெவில் அதை நான்கு முறை படித்துப் பார்த்திருந்தார்.

லின்சி சலூன் வைத்திருக்கிறாள். என் தலையில் சாயம் பூசிக்கொண்டிருந்தபோதுதான் நெவில் உள்ளே வந்தார். கையில் அரை டஜன் பை. ஒழுகாதவை.

"என் பொண்ண வாடகைக்குக் கேக்கறீங்களா, அத்தான்?"

"வாடகை இல்ல, லின்சி. இது ஒரு குழந்தைக்கு விளையாட்டு ஆர்வம் ஊட்டற முயற்சி. சமூகப் பொறுப்பு."

"எத்தன மணிக்குக் கூட்டிட்டுப் போவீங்க?"

"சனிக்கிழமை மத்தியானம் ரெண்டு மணிக்கு."

"எப்பத் திருப்பிக் குடுப்பீங்க?"

"அஞ்சரைக்கு."

லின்சி சாயப் பிரஷ்ஷோடு என் தலைக்கு மேலே நின்றாள். ஒரு சொட்டு என் காதில் விழுந்தது.

"செவ்வாய்க்கிழமை சாயந்திர ஆட்டமும் உண்டா?"

"சில சமயம்."

"வெளியூர் ஆட்டத்துக்குக் கூட்டிட்டுப் போக மாட்டீங்களா?"

டெஸ்ஸி சுழல் நாற்காலியில் சுற்றிக்கொண்டிருந்தாள். அவளுக்கும் நிபந்தனைகள் இருந்தன. சிப்ஸ் வேண்டும், வினிகர் கூடாது. ஆட்டுக்கிடா வேஷம் போட்டு மைதானத்தைச் சுற்றி வருகிற ஆளைத் தொட்டுப் பார்க்க வேண்டும். கால்பந்து பார்க்கச் சொல்லக் கூடாது.

நெவில் எல்லாவற்றுக்கும் சம்மதித்தார். அன்று பைகள் சரியாக உறைந்தன. ஊர் நிம்மதியாகச் சாப்பிட்டது. ஃபெர்னிடம் கேட்க வேண்டும் என்று மட்டும் யாருக்கும் தோன்றவில்லை என்றுதான் நினைத்தேன். நெவிலுக்குத் தோன்றவில்லை. ஜனைனுக்குத் தோன்றியிருக்கிறது, அவள் ஏற்கனவே கேட்டிருந்தாள்.

*

ஆகஸ்ட் முதல் தேதி கடைக்குப் பின்னால் இருக்கிற முற்றத்தில் பிறந்தநாள் தேநீர். என் இரட்டையரையும் கூப்பிட்டிருந்தார்கள். மேசையில் கேக், சாசேஜ் ரோல், வெள்ளரிக்காய் சாண்ட்விச். காலையில் வெயில், மதியம் தூறல், மறுபடி வெயில். ஜனைன் மேசையை மூன்று முறை உள்ளே வெளியே தூக்கினாள். நெவில் மாலை வரை இருப்புக் கொள்ளாமல் இருந்தார். மெழுகுவர்த்தியை எண்ணுவார், பதினொன்றோடு நிறுத்துவார், ஜனைன் முறைப்பாள், பன்னிரண்டாவதைக் குத்துவார்.

ஜனைன் ஒரு உறையைக் கொடுத்தாள். ஃபெர்ன் பிரித்தாள். மஞ்சள் அட்டை. இளையோர் சீசன் டிக்கெட்.

"ஆமா, நானே வாங்கணும்னு இருந்தேன்," என்றார் நெவில். "‘எம்’ வரிசையில அவளோட பழைய பதினஞ்சாம் சீட்டுதானே?"

"கால்வாய்க் கேலரி," என்றாள் ஜனைன்.

கால்வாய்க் கேலரி என்பது கோல்கம்பத்துக்குப் பின்னால் இருப்பது. கூரை ஒழுகும். எல்லோரும் நிற்பார்கள், பாடுவார்கள். வாயைக் கழுவ வேண்டிய வார்த்தைகள் எல்லாம் அங்கேதான் உற்பத்தி. பன்னிரண்டு நிரம்பியவர்கள் பெரியவர் துணையில்லாமல் போகலாம்.

"என் கூட்டாளிங்க மார்னியும் ரூபியும் அங்கதாம்ப்பா," என்றாள் ஃபெர்ன். "கோவிச்சுக்காத."

"நான் ஏன் கோவிச்சுக்கப் போறேன்?" கை கோட்டைத் தேடியது. அன்று ஸ்வெட்டர். பிடிக்க விளிம்பு கிடைக்கவில்லை. "ஒரு தகப்பன்ங்கற முறையில, பொதுவா ஒரு கேள்வி. அங்க என்ன இருக்கு? மழையில நனைவ. கெட்ட வார்த்தை பேசுவாங்க."

"அதுக்குத்தாம்ப்பா."

"இங்க உனக்கு இடம் இருக்கு. டெஸ்ஸிய ஏற்பாடு பண்ணிட்டேன். அவளக் காட்டி நாம பழையபடி..."

"அப்பா." ஃபெர்ன் சாண்ட்விச்சிலிருந்து வெள்ளரிக்காயைப் பிரித்து வரிசையாக வைத்தாள். "நான் பன்னண்டு ஆகறதுக்காக ஏழு வயசுலேர்ந்து காத்துக்கிட்டு இருக்கேன். நீ அந்தத் தேதிய கொண்டுவந்தப்ப எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? பழைய விதின்னா இன்னும் ஒரு வருஷம் உக்காந்திருக்கணும்."

என் இரட்டையர் மட்டும் கேக்குக்காகச் சண்டை போட்டார்கள்.

"என் பக்கத்துல உக்காரறது அவ்வளவு கஷ்டமா?" என்றார் நெவில். அது கூட்டத்தில் பேசுகிற குரல் இல்லை.

"கஷ்டமில்ல. நீ ஒவ்வொரு தடவையும் ஆஃப்சைடு விதிய சொல்லிக் குடுப்ப. உப்பு டப்பா ஒரு ஆளு, மிளகு டப்பா ஒரு ஆளு, வீட்டுக்கு வந்து மறுபடியும். எனக்கு அது ஆறு வயசுலயே புரிஞ்சுடுச்சு."

"நீ சொன்னதே இல்லியே."

"நீ சந்தோஷமா சொல்லிக்கிட்டு இருந்த."

மறுபடி தூறல். ஜனைன் மேசையின் ஒரு முனையைத் தூக்கினாள். நெவில் மறுமுனையைத் தூக்கவில்லை. நான்தான் தூக்கினேன்.

*

மறுநாள் நெவில் கடையை ஜனைனிடம் விட்டுவிட்டு பாலினிடம் போனார். திரும்பி வந்தபோது கடையில் கூட்டம்.

"ஃபெர்னோட சீட்டு போயிடுச்சு," என்று பொதுவாக அறிவித்தார். "உடனே வித்துட்டாங்க. வேக்ஃபீல்டுக்காரன் ஒருத்தன் வாங்கிட்டானாம்."

"வேக்ஃபீல்டுலேர்ந்து நம்ம டீம் பாக்கறதுக்கா?" என்றாள் ஜனைன். அவள் குரலில் நியாயமான ஆச்சரியம் இருந்தது. ஆர்க்கன்ஷாக்காரர்களே பாதிப் பேர் வருவதில்லை.

"நானும் அதத்தான் கேட்டேன்."

"அது குடும்ப கேலரியாச்சே. அவன் குழந்தை எங்க உக்காரும்?"

நெவில் தராசைத் துடைத்தார்.

"மடியில."

"எவ்வளவு வயசுக் குழந்தை?"

"சின்னதுதான். ரொம்பச் சின்னது."

"பாலின் கண்ணால பாத்தாளா?"

"ஜனைன், வரிசையில ஆளு நிக்கறாங்க. யாருக்கு என்ன வேணும்?"

வரிசையில் முதல் ஆள் நான். இரண்டு பை வாங்கினேன். ஒன்று ஒழுகியது.

*

முதல் ஆட்டத்தன்று காலையிலிருந்தே மழை. எங்கள் ஊர் மழை கொட்டாது, நிற்கவும் செய்யாது. பக்கவாட்டில் வந்து கழுத்துப்பட்டைக்குள் இறங்கும். சுழல்கதவு வாசலில் வெங்காயம் வதங்குகிற வாசனை, ஈரக் கோட்டு வாசனை. குடும்ப கேலரி வரிசையும் கால்வாய்க் கேலரி வரிசையும் ஒரே சுவரோரம்தான், நடுவே ஒரு கம்பிவேலி.

நெவிலின் ஒரு கையில் டெஸ்ஸி. மறு கையில் இரண்டு அட்டைகள். டெஸ்ஸி தன் அட்டையைத் தானே வைக்க வேண்டும் என்று அழுததால் ஒன்றை அவளிடம் கொடுத்தார். கொடுக்கும்போது அட்டையைப் பார்க்கவில்லை. கம்பிவேலிக்கு அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே மார்னி, ரூபி, நடுவில் ஃபெர்ன். மூன்று பேரும் குல்லாய் போடாமல் நனைந்துகொண்டிருந்தார்கள். சுழல்கதவுக்கு வந்தார், கையிலிருந்ததை வைத்தார், முழங்காலால் தள்ளினார்.

தலைக்கு மேலே நீல விளக்கு எரிந்தது.

ஆறடி உயரம், நூறு கிலோ, ஆர்க்கன்ஷா ரசிகர் சங்கத்தின் செயற்குழு உறுப்பினர், நீல வெளிச்சத்தில் உள்ளே நின்றார். அவருக்குப் பின்னால் டெஸ்ஸி கால்விரலில் எம்பித் தன் கையிலிருந்ததை வைத்தாள். விளக்கு எரியவில்லை. முழுக்கட்டணம். கதவு சுழன்று அவளை மரியாதையாக உள்ளே விட்டது.

கிளைவ் அவசரப்படவில்லை. இந்த நாளுக்காக அவர் ஒரு பல் கொடுத்திருக்கிறார்.

"தம்பி, வயசு என்ன?"

"கிளைவ், அட்டை மாறிப்போச்சு."

"வயசு வயசுதான்னு ஒரு பெரிய மனுஷன் சொல்லியிருக்காரு. மிஷின் ஆறுன்னு சொல்லுது." டெஸ்ஸியிடம் குனிந்தார். "நீங்கதான் கூட்டிட்டு வந்தீங்களாம்மா? இந்தக் குழந்தைய பத்திரமாப் பாத்துக்கங்க. ஓடும்."

"சரி," என்றாள் டெஸ்ஸி. நெவிலின் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். "பெரியப்பா, வா. சிப்ஸ் வாங்கித் தரேன்."

இரண்டு வரிசையும் சிரித்தது. கம்பிவேலிக்கு அந்தப் பக்கம் மார்னி வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். ஃபெர்ன் முகத்தைக் கைகளால் மூடிக்கொண்டாள். விரல்களுக்கு நடுவே பார்த்துக்கொண்டும் இருந்தாள்.

ஆட்டம் தொடங்கி எங்கள் பக்கம் ஒரு கோல் வாங்கியது. நெவில் அதைப் பார்க்கவில்லை. அவர் பார்வை முழுவதும் கால்வாய்க் கேலரியில். ‘எம்’ வரிசையில் அவருக்கு இடப்பக்கம் டெஸ்ஸி, சிப்ஸ். வலப்பக்கம் பதினைந்தாம் எண் இருக்கை காலி. கேலரி கூட்டமாகத்தான் இருந்தது. யாரோ ஒருவர் வந்து, இங்கே ஆள் உண்டா என்று கேட்டார். "உண்டு, வந்துடுவாரு," என்று நெவில் தன் குடையை அதில் வைத்தார்.

அப்போதுதான் கோல்கம்பத்துக்குப் பின்னால் பாட்டு எழுந்தது. முதலில் ஒரே ஒரு குரல், மெல்லியதாக, கொஞ்சம் பிசிறாக.

"நெவில் பாப்பா, நெவில் பாப்பா, உள்ள யாரு கூட்டி வந்தா?"

பிறகு முந்நூறு தொண்டை.

"டெஸ்ஸி! டெஸ்ஸி!"

டெஸ்ஸி எழுந்து இருக்கையின் மேல் நின்று கையாட்டினாள். கால்வாய்க் கேலரி கூரை கிழியக் கத்தியது. ஆட்டுக்கிடா வேஷக்காரர் மைதானத்தின் விளிம்பில் இரண்டு காலில் நின்று சலாம் போட்டார். என் இரட்டையர் ஒரு முறை கேட்டதும் கற்றுக்கொண்டார்கள், இப்போதும் பாடுகிறார்கள். பின்னாலிருந்து எனக்கு நெவிலின் காதுகள் மட்டும் தெரிந்தன. சமைத்த நண்டின் நிறம். ஆனால் அவர் எழுந்து போகவில்லை. முன்னால் குனிந்து, காதுக்குப் பின்னால் கையை வைத்து, அந்த முதல் குரல் மறுபடி வருகிறதா என்று கேட்டுக்கொண்டிருந்தார். வந்தது.

*

இடைவேளையில் கம்பிக்கதவைத் திறந்து கிளைவ் யாரையோ உள்ளே விட்டார். ஃபெர்ன். முடியெல்லாம் முகத்தில் ஒட்டி, உதடு நீலமாகி, படிகளில் ஏறி வந்தாள்.

"பசிக்குது." குரல் கம்மியிருந்தது. "பை இருக்கா?"

இருந்தது. நெவில் கோட்டுக்குள்ளிருந்து காகிதப் பொட்டலத்தை எடுத்தார். கேட்டால் கொடுக்கலாம் என்று வைத்திருந்ததுபோல் இல்லாமல், தற்செயலாக இருந்ததுபோல் எடுக்கப் பார்த்தார். அவர் உடம்புச் சூட்டில் காகிதம் வெதுவெதுப்பாக இருந்தது.

"உக்காரு."

"அந்த வேக்ஃபீல்டு ஆளு?"

"இன்னும் வரல." குடையை எடுத்துக் கீழே வைத்தார்.

ஃபெர்ன் பதினைந்தில் உட்கார்ந்து, விளிம்பைக் கடித்து, உள்ளே உறைந்திருந்த சாறை முதலில் உறிஞ்சினாள். சின்ன வயதிலிருந்து அப்படித்தான். கால்கள் மட்டும் ஓயாமல் ஆடிக்கொண்டிருந்தன.

"பாட்டு நீதானே ஆரம்பிச்ச?" என்றார் நெவில்.

"மார்னி."

"உன் குரல் எனக்குத் தெரியாதா?"

"தெரியாது. உன் பக்கத்துல உக்காந்து நான் பாடினதே இல்லியே."

நெவில் வாயைத் திறந்தார். ஏதோ பெரிதாக வரப்போகிறது என்று நினைத்தேன். கைகூடக் கோட்டின் விளிம்புக்குப் போனது. அங்கிருந்து கைக்குட்டையை உருவி, அவள் வாயைத் துடைக்கப் போய், பாதியில் நிறுத்தி, அவள் மடியில் வைத்தார். அவளே துடைத்துக்கொண்டாள்.

"ரெண்டாவது அடி கொஞ்சம் இழுக்குது," என்றார். "உள்ள யாரு கூட்டி வந்தா-ங்கறத இன்னும் சட்டுனு முடிக்கணும்."

"முடிக்கறோம்."

விசில் ஊதப்போகிறார்கள் என்று கூட்டம் திரும்பத் தொடங்கியது. ஃபெர்ன் காகிதத்தைக் கசக்கி அவர் கையில் திணித்து எழுந்தாள்.

"அடுத்த ஆட்டத்துக்கு அந்த ஆளு வந்துட்டா நான் எங்க உக்காந்து திங்கறது?"

"வரமாட்டான்."

"எப்படித் தெரியும்?"

"சொல்றேன்ல. வரமாட்டான்."

அவள் படிகளில் இரண்டு இரண்டாகத் தாவி இறங்கினாள். கிளைவ் கதவைச் சாத்தினார். நெவில் குடையை மறுபடி பதினைந்தில் வைத்தார். அன்று அந்தக் கேலரியில் யாரோ மூன்று பேர் நின்றுகொண்டே ஆட்டம் பார்த்தார்கள். அவர்களுக்கு அவர் குடையை நகர்த்திக்கொடுக்கவில்லை.

வேக்ஃபீல்டுக்காரர் அந்த சீசன் முழுக்க ஒரு ஆட்டத்துக்கும் வரவில்லை. அவர் மடியில் உட்கார வேண்டிய ரொம்பச் சின்னக் குழந்தையும் வரவில்லை. சூப் குடிக்கிற நேரத்தில் பாலின் என்னிடம் சொன்னார்: பதினைந்தாம் எண் இருக்கையையும் நெவில்தான் வாங்கியிருந்தார், முழுக்கட்டணத்தில்.

யாருக்கு என்று சொல்லாமல் இளையோர் விலைக்குத்தான் முதலில் கேட்டாராம். பிறப்புச் சான்றிதழ் கேட்டதும் விட்டுவிட்டாராம்.